பத்தில் ஏழு

தரையில் கிடந்த காகிதத் துண்டைச் சென்னியப்பன் குனிந்து எடுத்தார். இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம். இடது ஓரத்தில் பென்சிலால் 3/10 என்று எழுதியிருந்தது. வலது ஓரத்தில் ஓவியரின் கையெழுத்து. இடையில் ஒன்றுமில்லை.

பாலக்காட்டுக் கடைவீதியில் கந்தப்பனின் பிரேம் கடைக்கு வருபவை சாமி படங்களும் இறந்தவர்களின் போட்டோக்களும்தான். எதுவானாலும் ஓரத்து வெள்ளையை நறுக்கி எறிந்துவிட்டுத்தான் சட்டத்துக்குள் வைப்பார். வெள்ளை தெரிந்தால் படம் சின்னதாகப் போய்விடும் என்பார். முப்பது வருடமாக யாரும் அதைக் குறை சொன்னதில்லை. சென்னியப்பன் படத்தைக் கொடுத்துவிட்டு உரக்கடை வரை போய் வருவதற்குள் நறுக்கி, கண்ணாடி வைத்து, பின்பலகையில் ஆணியும் அடித்துவிட்டார்.

"பென்சில்ல கிறுக்கியிருந்துச்சுங்க" என்றார் கந்தப்பன். "ரப்பர் போட்டுப் பாத்தேன். அசிங்கமாயிருமாட்ட இருந்துச்சு, நறுக்கி உட்டுட்டேன். புள்ள மொகம் இப்பத்தான் எடுப்பா இருக்குதுங்க."

சென்னியப்பன் உரக்கப் பேசுகிறவர் அல்ல. அன்று பேசினார்.

"அது கிறுக்கல் இல்லீங்க. நெம்பரு. பத்துல மூணாவது. அது போச்சுன்னா இது வெறுங் காயிதம்."

சொன்ன பிறகுதான் முக்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். வள்ளியாத்தாளின் மடியில் சட்டம் இருந்தது. சட்டத்துக்குள் அவர்களுடைய மகள் மயிலாத்தாள் நிலக்கடலை மூட்டையின் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு கை மூட்டைக்கு வெளியே தொங்கியது. மகள் மூளைக்காய்ச்சலில் இறந்து அந்த ஐப்பசியோடு ஒரு வருடம். திதிக்கு வைக்க அவளுடைய படம் வேறு கிடையாது.

"ஏனுங்க" என்றாள் வள்ளியாத்தாள். "பத்துன்னா என்னங்க?"

அவர் காகிதத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எலப்புள்ளிக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் சட்டத்தை அணைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்த பிறகு சொன்னார். துத்தநாகத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் நனைத்து, கீறலுக்குள் மை நிரப்பி, ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தி எடுப்பது. ஒரு தகட்டில் ஒன்றும் எடுக்கலாம், நூறும் எடுக்கலாம். எத்தனை என்பதை ஓவியர் முன்பே முடிவு செய்வார். ஒவ்வொன்றிலும் எத்தனையாவது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இதை அவர் பத்து எடுத்தார். மூன்றாவதை நமக்குக் கொடுத்தார்.

வள்ளியாத்தாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுவடை முடிந்த வயலில் காற்று வைக்கோலைத் தள்ளிக்கொண்டு போனது. கணவாய்க் காற்று அந்த வருடம் முன்கூட்டியே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, படத்தை மாட்டி, விளக்கு வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஒண்ணு எடுத்தாலே ஆவாதுன்னு சொல்லியிருந்தேன். நீங்க பத்து எடுத்திருக்கறீங்க."

அவர்களுக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு வயதானதும் கோயமுத்தூர் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தார்கள். போட்டோ தபாலில் வந்த வாரத்தில் குழந்தை போய்விட்டது. அதற்குப் பிறகு பிறந்த மயிலாத்தாளை எந்தக் கேமராவின் முன்னும் வள்ளியாத்தாள் நிறுத்தவில்லை. தேருக்கு வந்த போட்டோக்காரன் தூரத்தில் தெரிந்தாலே குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். ஊரில் பல வீடுகளில் அப்படித்தான். சென்னியப்பன் அதை நம்பவில்லை. மறுத்ததும் இல்லை.

அவர் நம்பியது காகிதத்தை. கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவர். அப்பா இறந்ததும் திரும்பி வந்து இருபது ஏக்கரைப் பார்த்துக்கொண்டார். அறுபத்தாறில் பம்புசெட் விஷயமாக மெட்ராஸ் போனபோது மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. உள்ளே போனார். மழை விட்ட பிறகும் வெளியே வரவில்லை. ஒரு மரச்செதுக்கு அச்சு. கரையில் கவிழ்த்துப் போட்ட படகு. கறுப்பும் தாளின் வெள்ளையும் மட்டும். இருபது பிரதியில் பதினொன்றாவது. உலகத்தில் இது இருபது பேரிடம் மட்டும் இருக்கும், அதில் எலப்புள்ளிக்காரன் ஒருவன் என்று நினைத்தபடியே ரயிலில் வந்தார். அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை மெட்ராஸ் போனார். பெயர் தெரிந்த, தெரியாத ஓவியர்களின் படங்களை வாங்கினார். எல்லோரும் உயிரோடு, வேலை செய்துகொண்டு இருப்பவர்கள். அவர்களுக்குத் தபால் எழுதினார். எட்டு வருடத்தில் நாற்பத்தொரு படங்கள். வெண்தாள் இடையிட்டு, நாப்தலீன் உருண்டை போட்டு, இரும்பு பீரோவில் படுக்க வைத்திருந்தார். தொடுவதற்கு முன் கையைக் கழுவித் துடைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

ஊரில் கேலி பேசினார்கள். அவருடைய தங்கை கணவர் கருப்புசாமி கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலையில் மேஸ்திரி. ஒரு பொங்கலுக்கு வந்தவர், படகுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலண்டர் நல்லாத்தான் இருக்குது மச்சான். தேதியத்தான் காணோம்."

அன்று சென்னியப்பன் சிரித்தார். பிறகு விளக்கினார். கடைசிப் பிரதி எடுத்து முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துவிடுவார்கள், இன்னொன்று யாரும் எடுக்க முடியாது, அதுதான் இதன் நேர்மை என்றார். அந்த விதியைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை வரும்.

எழுபத்திரண்டு சித்திரையில் கிருபாகரன் என்ற ஓவியர் மெட்ராஸிலிருந்து வந்து பத்து நாள் அவர்கள் வீட்டில் தங்கினார். பனைகளை வரைய வந்தவர். ஒரு மத்தியானம் களத்து மூட்டைகளின் நடுவே தூங்கிய குழந்தையை வரைந்தார். வள்ளியாத்தாள் அப்போது ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். சென்னியப்பன் பக்கத்தில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. அது போட்டோ இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து மூன்றாவது பிரதி தபாலில் வந்தது. அவளிடம் சொல்லாமல் பீரோவில் வைத்தார். மகள் இறந்து பதினாறாம் நாள்தான் வெளியே எடுத்தார். வள்ளியாத்தாள் அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. யார் வரைந்தது, எப்போது வரைந்தது எதுவும். படத்தின் தொங்கும் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"மித்த ஒம்பதும் எங்கீங்க இருக்குது?" என்று இப்போது கேட்டாள்.

"வித்திருப்பாருங்காட்டி. மெட்ராஸ், பம்பாய். தெரியாது."

"கண்டவங்க ஊட்ல எதுக்குங்க எம்பட புள்ள படுத்துக் கெடக்கோணும்? வெளக்கு வெப்பாங்களா அவங்க? பேராவது தெரியுமா?" அவள் அழவில்லை. "எல்லாத்தையும் கொண்டாங்க."

அவர் கொண்டுவரப் போனார்.

கிருபாகரனின் வீடு கடற்கரையோரம் இருந்தது. யார் யாரிடம் போனது என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார். பிறகு தன்னிடம் மிஞ்சியிருந்த முதல் பிரதியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். தகட்டையும் கொண்டுபோகச் சொன்னார். சென்னியப்பன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தகட்டில் குழந்தை மறுபக்கம் திரும்பித் தூங்கினாள். நெற்றியில் தொடங்கி மோவாய் தாண்டி மார்பு வரை ஆழமாக ஒரு கோடு. அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று. விரலால் தடவினால் நகம் தடுக்கியது. அவர் தகட்டை மேஜையின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். ஊரில் இதைப் பற்றிச் சொல்லவில்லை.

நோட்டில் எட்டு விலாசங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதினார். உங்களிடம் உள்ள படத்தை விரும்புகிறேன், என்னிடம் உள்ளவற்றில் ஒன்றை மாற்றாகத் தருகிறேன், பட்டியல் இணைத்திருக்கிறேன். குழந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சேகரிப்பவன் ஏன் வேண்டும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. அது அவருக்கு எட்டு வருடப் பழக்கம். துக்கத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

பெங்களூரில் இருந்தவர் ஒன்றுக்கு ஐந்து கேட்டார். கொடுத்தார். இன்னொருவர் முழு வரிசை கேட்டார், ஒரே ஓவியர் செய்த பன்னிரண்டு படங்கள். அதைச் சேர்க்க அவருக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது. அதையும் கட்டி அனுப்பினார். பம்பாய்க்காரர் சுலபமாகக் கொடுத்துவிட்டார். காரணம் பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. மழைத்தண்ணீர் இறங்கி முகம் பாதி பழுப்பாகியிருந்தது. வந்தவற்றில் வள்ளியாத்தாள் அதற்குத்தான் அதிகம் அழுதாள். ஈரம் காய்ந்து வருடமாகியிருந்தும் முந்தானையால் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

ஒவ்வொன்று வந்ததும் அவள் குளித்துவிட்டு வருவாள். தாளைத் தரையில் விரித்து, மோதிர விரலால் குங்குமம் தொட்டு, நெற்றியில் வைப்பாள். கண்ணாடி இல்லாத வெறும் தாளில். குங்குமத்தின் எண்ணெய் தாளில் ஊறி ஒரு வட்டமாகப் பரவும். சென்னியப்பன் பார்த்துக்கொண்டு நிற்பார். கை கழுவாதவர்கள் ஓரத்தைத் தொட்டாலே பதறியவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

மூன்று வருடத்தில் பீரோ மாறிவிட்டது. படகுப் படம் தவிர மற்றவை எல்லாம் போய்விட்டன. அந்த இடத்தில் ஒரே குழந்தை எட்டு முறை தூங்கியது. சுவரில் ஒன்று. ஒன்று போல ஒன்று இல்லை என்பதை அவர் அறிவார். முதல் பிரதியில் மை கனமாக இருந்தது, முடி மூட்டையின் நிழலோடு சேர்ந்திருந்தது. ஒன்பதாவதில் கீறல் தேய்ந்து இமை சரியாக விழவில்லை. வள்ளியாத்தாளுக்கு எழுத்து தெரியாது. எண்ணை மறைத்துக்கொண்டு கேட்டாலும் எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். இதில் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறாள், இதில் இப்போது எழுந்துவிடுவாள் என்பாள். அவருக்குத் தெரிந்தவர்களில் இத்தனை நுணுக்கமாக அச்சைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை.

ஏழாவது மட்டும் வரவில்லை. செபாஸ்டின், தேவிகுளம் என்று நோட்டில் இருந்தது. மூன்று கடிதங்களுக்குப் பிறகு ஒரு கார்டு வந்தது. மன்னிக்கவும், என் மனைவி அதைப் பிரியச் சம்மதிக்கவில்லை, ஆனால் வந்தால் பார்த்துவிட்டுப் போகலாம்.

"நானும் வாரேன்" என்றாள் வள்ளியாத்தாள். "பொம்பள கேட்டாப் பொம்பள குடுப்பா."

எழுபத்தேழு தை மாதம் போனார்கள். உடுமலைப்பேட்டை போய், மறையூர் வழியாக மூணாறு ஏறி, அங்கிருந்து வேறு பஸ். அவள் மலை ஏறுவது அதுதான் முதல் தடவை. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். குங்குமச் சிமிழை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். சென்னியப்பனின் கையில் அட்டைப் பைக்குள் படகுப் படம் இருந்தது. கொடுப்பதற்கு அதுதான் மிச்சம். பஸ் ஜன்னலில் தேயிலை, திருப்பத்துக்குத் திருப்பம் அதே தேயிலை. வள்ளியாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

செபாஸ்டின் தோட்டத்து ஆபீசில் கிளார்க். ஐம்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். தொழிலாளர்களின் லய வீடுகளுக்கு மேலே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு. அவர் மனைவி கத்தரீனாள் வாசலிலேயே நின்றிருந்தாள். ஸ்வெட்டரின் மேல் சேலையைப் போர்த்தியிருந்தாள்.

"உள்ள வாங்க. இந்தக் குளிரு உங்களுக்குத் தாங்காது. இம்புட்டுத் தூரம் வந்திருக்கியளே."

சென்னியப்பன் தன் பெயரைச் சொன்னார். பிறகு, சொல்ல நினைக்காமலேயே, படத்தில் இருப்பது தங்கள் குழந்தை என்றார். கத்தரீனாள் அவரைப் பார்க்கவில்லை. வள்ளியாத்தாளைப் பார்த்தாள். வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இவ அம்மையா?"

படம் உள்ளறையில் ஜன்னலுக்கு எதிரே இருந்தது. நறுக்காத ஓரங்களோடு, அகலமான வெள்ளையின் நடுவே. கீழே பென்சிலில் 7/10. நல்ல பிரதி என்று சென்னியப்பனின் கண் தானாகப் பார்த்தது. மை அளவாக விழுந்திருந்தது. இமை முழுசாக இருந்தது. பொட்டு இல்லை, மாலை இல்லை, கீழே விளக்கு இல்லை. பக்கத்தில் ஒரு கட்டில், அதன் மேல் மடித்து வைத்த துணி, ஒரு ரேடியோ. வீட்டில் ஒரு குழந்தை மத்தியானம் தூங்கினால் அந்த அறை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

காபி கொடுத்துக்கொண்டே செபாஸ்டின் சொன்னார். வைத்தியத்துக்காக எர்ணாகுளம் போயிருந்தார்களாம். இனி குழந்தை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்ட நாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு ஹாலில் படங்கள் வைத்திருந்தார்கள். இவள் இதன் முன்னால் நின்றவள் நகரவில்லை. அந்த மாதச் சம்பளம் அப்படியே போயிற்று.

"ரேடியோவத் தொடவிட மாட்டா சார். சத்தம் கேட்டா பிள்ள முழிச்சிருமாம். நான் நியூஸ் கேட்டு நாலு வருசமாச்சு. வெளிய எந்த ஆட்சின்னே தெரியாது."

"சும்மா இருங்க" என்றாள் கத்தரீனாள். தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் அந்த அறையில் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

வள்ளியாத்தாள் படத்தின் முன் நின்றுகொண்டிருந்தாள். காபி ஆறியது. இந்தக் குழந்தையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கை இடுப்பு முடிச்சுக்குப் போவதைச் சென்னியப்பன் கண்டார்.

"பேரு என்னா?" என்று கத்தரீனாள் கேட்டாள்.

"மயிலாத்தா."

"மயிலாத்தா" என்று கத்தரீனாள் படத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். பிறகு வள்ளியாத்தாளிடம் திரும்பினாள். "இப்ப எத்தனாங் கிளாஸ் படிக்கா?"

சென்னியப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். மூன்று கடிதங்களிலும் தான் எழுதாமல் விட்ட வரி அவருக்கு நினைவு வந்தது. அதை இப்போது சொல்லிவிட வேண்டும். சொன்னால் இந்தப் பெண் தானே ஆணியிலிருந்து கழற்றிக் கொடுப்பாள். அவருக்கு அதில் சந்தேகம் இல்லை. வாயைத் திறந்தார்.

"மூணாவதுங்க" என்றாள் வள்ளியாத்தாள்.

செபாஸ்டின் தலையாட்டினார். வெளியே பனி இறங்கி ஜன்னல் வெளுத்தது.

"சேட்டை பண்ணுவாளோ?"

"சொன்ன பேச்சு எங்கீங்க கேக்குறா. பள்ளிக்கோடம் உட்டு வந்தா பைய எறிஞ்சுபோட்டு ஓடிருவா. தலை பின்ன உக்கார மாட்டா." வள்ளியாத்தாள் நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். "கூந்தல் நல்ல நீளமுங்க. இடுப்புக்குக் கீழ."

"இதுல கழுத்து வரதான இருக்கு."

"வளந்துருச்சுங்க."

அவள் கை முடிச்சை விட்டுவிட்டது. சென்னியப்பன் அட்டைப் பையைக் காலால் நாற்காலிக்குப் பின்னால் தள்ளினார். செபாஸ்டின் மட்டும் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். பின்கட்டில் அவர் அவற்றை வெகுநேரம் கழுவும் சத்தம் கேட்டது.

"கொண்டுபோயிருவியளோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றாள் கத்தரீனாள். "காலைல சோறு எறங்கல எனக்கு."

"இல்லீங்க" என்றாள் வள்ளியாத்தாள். "இங்கியே இருக்கட்டும். பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

கத்தரீனாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலடியிலிருந்து ஒரு கூடையை இழுத்தாள். கம்பளி நூல் உருண்டைகள். சிவப்பு, நீலம், பாதி பின்னிய ஏதோ ஒன்று. சிவப்பு உருண்டையை எடுத்து முனையை உருவினாள்.

"அங்கிட்டு வெயிலுதான், தெரியும். இருந்தாலும் மார்கழிக்கு ஆவும். ஒரு வாரத்துல பின்னித் தபால்ல அனுப்புறேன். ஒசரம் எம்புட்டு இருப்பா?"

வள்ளியாத்தாள் கையை நீட்டினாள். உள்ளங்கை தரையைப் பார்த்தபடி முதலில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. சென்னியப்பனுக்கு அந்த உயரம் தெரியும். பிறகு கை மேலே போனது. இடுப்பைத் தாண்டியது. ஓர் இடத்தில் தயங்கி, இன்னும் ஒரு விரற்கடை உயர்ந்து, மார்புக்கு நேராக வந்து நின்றது. அவள் அந்த இடத்தைக் கொஞ்சம் குனிந்து பார்த்தாள்.

கத்தரீனாள் தரையில் மண்டியிட்டு, நூலின் முனையைக் கட்டைவிரலால் சிமெண்டில் அழுத்திக்கொண்டு, அந்தக் கை வரைக்கும் இழுத்துப் பிடித்தாள்.